மைக்கிலும் ஆளுக்கொரு நிரை

“அடுத்ததாகப் பாட வர்றது நம்ம அத்தை! எல்லாரும் கையைத் தட்டுங்க!” என்று ஒலிபெருக்கி முழங்கியது.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் வழியில் ஒரு பொதுமண்டபம். ஒரு காலத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்து, இன்று திசைக்கொன்றாகச் சிதறிவிட்ட குடும்பங்களின் ஒன்றுகூடல் அது. அந்தத் தோட்டத்தில் இப்போது பேருக்குக்கூட ஒரு ரப்பர் மரம் இல்லை, எல்லாம் செம்பனை. லயங்களை இடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கிறது. காலையில் அங்கே பூசை, மதியம் மண்டபத்தில் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின் கரவோக்கே.

அத்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டிய கை. “ஏழு கழுதை வயசாச்சு, எனக்கு எதுக்குய்யா மைக்கு?” என்று சிணுங்கிக்கொண்டேதான் எழுந்தார். ஆனால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், பாட ஆசை இல்லாதவராகத் தெரியவில்லை.

அறுபதுகளில் வந்த சுசீலா பாட்டு ஒன்றைக் கேட்டார். பையன்கள் தேடி எடுத்துப் போட்டார்கள். தொடக்க இசை ஓடியது. திரையில் பாட்டு வரிகள் தோன்றின. எழுத்துகள் ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டே போயின. அத்தை வாய் திறக்கவில்லை. இரண்டு வரி போய்விட்டது. மூன்றாவது வரியில் நடுவே நுழைந்தார், தாளம் பிடிபடவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தார். அவ்வளவுதான். “எனக்கு வராதுய்யா, நீங்க பாடுங்க” என்று மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த பாட்டு தொடங்கியது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் சோறு செரிக்கவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பாட்டுத் தெரியாம இல்ல தம்பி. வெட்டுக்காட்டுல நான் பாடினா மூணு நிரை தாண்டிக் கேக்கும். அங்க திரையில ஓடுறது இங்கிலீசு எழுத்து. நான் தோட்டப் பள்ளிக்கூடத்துல மூணாவது வரைக்கும் தமிழ் படிச்சவ. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. அதோட சுசீலாம்மா குரலுக்கு என் தொண்ட இப்ப எட்டுமா?”

தோழர்களே, அத்தை சொன்ன இந்த நாலு வரியில் கரவோக்கேயின் குற்றம் குறை அத்தனையும் அடங்கிவிட்டது. அவருக்குப் பாட்டு வரவில்லை என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில், பாடுவதற்கு வேண்டிய வசதியை நாம்தான் அவருக்குச் செய்து கொடுக்கவில்லை.

சிரிப்பில் பிறந்த பெட்டி

இந்தக் கரவோக்கே எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால், அன்று சிரித்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

‘கரா’ என்றால் ஜப்பானிய மொழியில் காலி. ‘ஓக்கே’ என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்ற சொல்லின் சுருக்கம். வாத்தியக்காரர்கள் இல்லாத வாத்தியக் குழு என்று பொருள் கொள்ளலாம்.

தோக்கியோவில் கார்களுக்கான ஒலிநாடாக் கருவிகளைத் தயாரிக்கும் தொழிற்கூடம் ஒன்றை நடத்தி வந்தவர் ஷிகேய்ச்சி நெகிஷி. வேலைக்கு வரும்போது பாடிக்கொண்டே வருவார். ஒருநாள் கூட வேலை செய்பவர் அவர் பாட்டைக் கேலி செய்தார். ‘பின்னணி இசை மட்டும் இருந்தால் நான் பாடுவதும் நன்றாகத்தானே இருக்கும்!’ என்று அவருக்குத் தோன்றியது. ஒலிநாடாவோடு ஒரு மைக்கை இணைக்கச் சொன்னார். 1967-இல் அது ஒரு பெட்டியாக உருவெடுத்தது. பாட்டு வரிகளைத் தனிப் புத்தகமாக அச்சிட்டுக் கொடுத்தார். அந்த மனிதர் நூறு வயது வாழ்ந்து 2024 ஜனவரியில்தான் மறைந்தார்.

இன்னொருவர் கோபே நகரத்து டைசுகே இனோவே. மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாடும்போது உடன் வாசிக்கிற கலைஞர். ஒரு கம்பெனி முதலாளிக்குத் தாளம் நிற்காது. இனோவே அவர் போகிற போக்குக்கு ஈடுகொடுத்து வாசிப்பார். அந்த முதலாளி வெளியூர்ப் பயணத்துக்குக் கூப்பிட்டபோது இனோவேயால் போக முடியவில்லை. அவருக்குத் தோதாக வாசித்து, நாடாவில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனையை வைத்து 1971-இல் காசு போட்டால் வாசிக்கும் பெட்டிகள் பதினொன்று செய்து கோபே மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை அவர் வாங்கவே இல்லை. பிலிப்பீன்ஸ் நாட்டு ரொபெர்ட்டோ டெல் ரொசாரியோதான் 1980-களில் தம்முடைய பாட்டுப் பெட்டிக்குத் தம் நாட்டில் காப்புரிமை பெற்றார்.

சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற வேலைகளுக்காக ‘இக் நோபல்’ என்று ஒரு பரிசு கொடுக்கிறார்கள். 2004-இல் இனோவேக்கு அதில் அமைதிப் பரிசு கிடைத்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புது வழி கண்டவர் என்பது அவர்கள் சொன்ன காரணம். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் உண்மை.

ஆக, கேலிக்கு ஆளான ஒருவருக்கும் தாளம் நிற்காத ஒருவருக்குமாகப் பிறந்த கருவி இது. நன்றாகப் பாடுகிறவருக்கு எப்போதும் மேடை உண்டு. இது மேடை கிடைக்காதவருக்காக வந்தது.

மைக் யார் கையில் இருந்தது?

தோட்டத்தில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததா? இல்லவே இல்லை.

1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த சில ரப்பர்க் கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்னமும் அங்கே நிற்கிறது. அதற்குப் பின் பேராக் முழுதும் தோட்டங்கள் பெருகின. நம் பாட்டன் பூட்டன்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்களோடு பாட்டும் வந்தது.

விடியுமுன் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தால் சுற்றிலும் கும்மிருட்டு. பாம்பு இருக்கும், பன்றி இருக்கும். பயத்தை விரட்டப் பெண்கள் பாடினார்கள். இந்த நிரையில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, அடுத்த நிரையிலிருந்து இன்னொருத்தி பதில் பாடுவாள். ஆயாக் கொட்டகையில் தாலாட்டு. சாவு வீட்டில் ஒப்பாரி. பூப்பு நீராட்டுக்கு ஒரு பாட்டு, நலங்குக்கு ஒரு பாட்டு. நடவு வயலை விட்டு வந்தவர்கள் பால்மரக் காட்டில் புதுப்பாட்டுக் கட்டினார்கள். அதில் கங்காணியும் வருவார், கிராணியும் வருவார், வாளியும் கத்தியும் வரும்.

ஆனால் மேடை என்று வந்தால் கதை வேறு. திருவிழா மேடையில் டவுனிலிருந்து வந்த இசைக்குழு பாடும். காமன் கூத்தில் ரதியாக வேஷம் கட்டியதும் ஆண்தான். மைக் இருந்தது கோயில் தலைவர் கையில், சங்கத் தலைவர் கையில், பாட்டுக்காரர் கையில். பால் வெட்டுகிற பெண் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டாள். வானொலியில் நேயர் விருப்பத்துக்கு எழுதிப் போட்டு, தோட்டத்தின் பேரையும் தன் பேரையும் அறிவிப்பாளர் படிக்கும்போது பூரித்துப் போனாள். அவளுடைய பேர் ஒலிபெருக்கிவரை வந்தது, குரல் வரவில்லை.

பின்னர் தோட்டமே இல்லாமல் போயிற்று. ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் துண்டாடல் வந்தது. அதை எதிர்க்கத்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கிய வர்க்கம் நாம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்து மக்கள் புந்தோங்குக்கும், சுங்கை சிப்புட் தாமான்களுக்கும், மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போனார்கள்.

லயத்து வாசலில் நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசியது நின்றது. பாடுவதற்குக் குரல் இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. இன்று ஒரு கரவோக்கே நிகழ்ச்சி என்றால் ஓடி வருகிறார்களே, அது வெறும் பாட்டு ஆசையால் மட்டுமல்ல. பழைய லயத்து வாசலை ஒருநாளாவது திரும்பப் பார்க்கலாமே என்ற ஏக்கத்தால்!

கருவி ஏழைக்கும் எட்டிவிட்டது

ஒரு காலத்தில் கரவோக்கே என்றால் டவுன் சமாச்சாரம். லேசர் வட்டு வைத்துப் பாட அறை எடுக்க வேண்டும், மணிக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேண்டும். அங்கே மதுவும் இருந்ததால் நம் குடும்பப் பெண்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு வி.சி.டி. வந்தது; வரவேற்பறைக்கே பாட்டு வந்தது. இன்று கைப்பேசி ஒன்றும், மைக்கோடு வரும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றும் போதும். பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒரு பெட்டி வாங்கிவிடலாம். தோட்டமே வாங்கிய கைகளுக்கு இது பெரிய காரியமா?

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, கைப்பேசிச் செயலியில் பாடித்தான் பலர் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். ஒருவர் இங்கே பாதியைப் பாட, முகம் தெரியாத இன்னொருவர் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ மீதியைப் பாடினார். அடுத்த நிரைக்காரி பதில் பாடியது மாதிரிதான் அதுவும்.

ஆனால் செயலியில் பாடுவது வேறு, சபையில் நின்று பாடுவது வேறு. செயலியில் தப்பினால் அழித்துவிட்டு மறுபடி பாடலாம். சபையில் அது முடியாது. மைக்கைப் பிடித்ததும் வாய் உலரும், கை நடுங்கும், மூச்சு மேலேயே நிற்கும். ஆபத்து என்று நினைத்து உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்ளும் வேலை அது. பெரிய பாடகருக்கும் வருவதுதான். அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாட வருகிறவருக்கு

முதலாவது, சுருதி. பின்னணி இசை, பெரும்பாலும் மூலப் பாடகரின் சுருதியில்தான் இருக்கும். டி.எம். சௌந்தரராஜன் உச்சத்தில் நின்று முழங்கியதை நாமும் அதே இடத்தில் பிடிக்கப் போனால் தொண்டைதான் கிழியும். வயதாக ஆகக் குரல் இறங்குவது இயற்கை. கைப்பேசியில் சுருதியைக் கூட்டிக் குறைக்கும் செயலிகள் உண்டு. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கிப் பாருங்கள். ஆண் பாட்டைப் பெண் பாடினாலும், பெண் பாட்டை ஆண் பாடினாலும் இப்படி மாற்றத்தான் வேண்டும். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கத்திக்குச் சாணை பிடிக்காமல் யாராவது மரம் வெட்டப் போவார்களா?

இரண்டாவது, நுழைவு. பாதிப்பேர் தடுமாறுவது முதல் வரியில்தான். தொடக்க இசையை வீட்டில் பத்துத் தடவை கேட்டு, எந்த வாத்தியம் முடிந்ததும் பாட்டு தொடங்குகிறது என்று காதில் பதித்துக்கொள்ளுங்கள். கண்ணை நம்பினால் பிந்திவிடுவீர்கள். ஒரு வரி தவறினால் நிறுத்த வேண்டாம். அடுத்த வரியில் ஏறிக்கொள்ளலாம். பெரட்டுக்குப் பிந்திப் போனாலும் மரம் வெட்டத்தானே செய்தோம்!

மூன்றாவது, மைக். வாயை ஒட்டி வைத்துக் கத்தவும் வேண்டாம், எட்டத்தில் வைத்து முனகவும் வேண்டாம். நாலு விரற்கடை தூரம் போதும். ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். பெட்டியிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகிக் ‘கீய்ய்’ என்று கத்தும். அது பாடுகிறவரின் குற்றம் என்று நினைத்துப் பலர் பயந்து போகிறார்கள். ஓரடி பின்னுக்குப் போனால் நின்றுவிடும்.

நடத்துகிறவருக்கு

இதுவரை சொன்னது பாடுகிறவர் பாடு. நடத்துகிறவர்களுக்கும் கடமை உண்டு. அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

திரையில் ஓடும் தமிழ்ப்பாட்டு பல சமயம் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கு அது வசதி. தமிழ் மட்டும் படித்த பெரியவர்களுக்கு அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. ஒரு தாளில் பெரிய எழுத்தாகத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தால் என்ன? நெகிஷிகூட வரிகளைப் புத்தகமாகத்தானே அச்சிட்டுக் கொடுத்தார்!

முறை வைத்துப் பேர் எழுதுங்கள். பல இடங்களில் நன்றாகப் பாடும் நாலு பேர் மைக்கைப் பிடித்தால் விடுவதில்லை. ஆளுக்கு நாலைந்து பாட்டு. மற்றவர்கள் கைதட்டிக் கை சிவந்ததுதான் மிச்சம். தோட்டத்தில் ஆளுக்கு ஒரு நிரை என்று பிரித்துத்தானே கொடுத்தார்கள்? இளையவன் என்று கூட்டிக் கொடுத்தது உண்டா? மைக்கிலும் ஆளுக்கொரு நிரை. முதலில் பெரியவர்களுக்குக் கொடுங்கள். இருட்டிய பிறகு அவர்கள் வீடு திரும்ப வேண்டும்.

அனுமதி கேட்காமல் படம் பிடித்துப் புலனத்தில் போடாதீர்கள். இருபது பேர் நடுவில் தடுமாறினால் அது அன்றோடு மறந்துபோகும். இரண்டாயிரம் பேர் கைப்பேசிக்குப் போய்விட்டால், அந்த அம்மா ஆயுசுக்கும் மைக்கைத் தொட மாட்டார். அக்கம்பக்கத்தையும் நினையுங்கள். அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரர் இரவு வேலை முடித்துத் தூங்குகிறவராக இருக்கலாம்.

இசைத்தடம் இல்லாத பாட்டு

இன்னும் ஒன்று இருக்கிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

கைப்பேசியில் தேடினால் சினிமாப் பாட்டு ஆயிரக்கணக்கில் கிடைக்கும். வெட்டுக்காட்டில் அத்தை பாடிய பாட்டு கிடைக்குமா? அதற்குப் பின்னணி இசை எந்தக் கம்பெனியும் போடவில்லை. எழுதினவர் பேரும் இல்லை, இசையமைத்தவர் பேரும் இல்லை. அந்தப் பாட்டு இருக்கிற ஒரே இடம் அந்த அம்மாக்களின் நெஞ்சு. அவர்கள் போனால் அதுவும் போச்சு. நம் நாட்டு எழுத்தாளர் முத்தம்மாள் பழனிசாமி ‘நாடு விட்டு நாடு’ என்று தம் குடும்பத்தின் கதையை எழுதியவர். நாட்டுப்புறப் பாடல்களையும் திரட்டி நூலாக்கினார். அவரைப் போல் எத்தனை பேர்? ஒவ்வொரு தோட்டத்துப் பாட்டையும் அவர் ஒருவரே போய்த் திரட்ட முடியுமா?

ஆகையால் எந்தக் கரவோக்கே நிகழ்ச்சியிலும் பத்து நிமிடம் பெட்டியை நிறுத்துங்கள். “அந்தக் காலத்துப் பாட்டு யாருக்காவது தெரியுமா?” என்று கேளுங்கள். மைக் இருக்கட்டும், வாத்தியம் வேண்டாம், கைத்தாளம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும், பாடுகிறவரிடம் கேட்டுக்கொண்டு, கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், யார் பாடியது, யாரிடம் கற்றது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள்.

மறுபடியும் அத்தை

சில மாதம் கழித்து, புந்தோங்கில் ஒரு வீட்டு விசேஷம். வாசலில் பந்தல், தட்டில் கச்சான் பூத்தே, மூலையில் அதே மாதிரி ஒரு பெட்டி. அத்தையும் வந்திருந்தார்.

இந்தத் தடவை பேத்தி தயாராக இருந்தாள். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பாட்டு முழுவதையும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அண்ணன்காரன் சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்தான். தொடக்க இசை முடிகிற இடத்தில் பேத்தி அத்தையின் தோளை மெல்லத் தட்டினாள்.

அத்தை நுழைந்துவிட்டார்!

குரல் முதலில் நடுங்கத்தான் செய்தது. இரண்டாவது சரணத்தில் ஒரு வரி தப்பியது. தாளைப் பார்த்து அடுத்த வரியில் ஏறிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்தபோது கைதட்டல் பந்தலைத் தாண்டிக் கேட்டது.

“அத்தை, வெட்டுக்காட்டுப் பாட்டு ஒண்ணு பாடுங்களேன்” என்றேன். பெட்டியை நிறுத்தினார்கள். கொஞ்சம் யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். இப்போது தாளும் வேண்டியிருக்கவில்லை, தட்டிக் கொடுக்கும் கையும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு அடி பாடி நிறுத்தியதும், பந்தலின் அந்தக் கோடியிலிருந்து இன்னொரு கிழவி பதில் அடியை எடுத்தார். முன்னொரு காலத்தில் அடுத்த நிரைக்காரியாம்!

அத்தை மைக்கைத் தூக்கிக்கொண்டு நேராக அவரிடம் போனார்.

“இந்தா, பிடி. இனி உன் முறை.”